தொண்டும் அதனைப் போற்றும் நெறியும் - நாகர்கோவில் ரேந்தைப் பணியை முன்னிட்ட ஓர் ஆராய்ச்சி

முகவுரை

மாதர் நலங் கருதி உழைக்கும் சங்கங்கள் நம் நாட்டில் இன்று பல உள. ஆண்டுதோறும் அவற்றின் விழாக்களில் தொண்டாற்றியோர்க்கு மாலை சூட்டுகின்றோம், பொன்னாடை போர்த்துகின்றோம், வாழ்த்துரை வழங்குகின்றோம். இவை நல்ல வழக்கங்களே. எனினும், தொண்டை உள்ளவாறு அறிந்து போற்றுதல் ஒன்று, தொண்டரின் பெயரை மட்டும் கூறிப் போற்றுதல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை நாஞ்சில் நாட்டில் நிகழ்ந்த உண்மை வரலாறொன்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வரலாறு, 1821ஆம் ஆண்டில் நாகர்கோவிலில் மார்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்த வரலாறு.

1. ஒப்புரவும் ஈகையும்

திருவள்ளுவர் செய்ந்நன்றியறிதலைப் பதினோராம் அதிகாரமாகவும், ஒப்புரவறிதலை இருபத்திரண்டாம் அதிகாரமாகவும், ஈகையை அதனையடுத்த இருபத்துமூன்றாம் அதிகாரமாகவும் வைத்தார். ஒப்புரவும் ஈகையும் ஒன்றாயின் இரண்டு அதிகாரங்கள் வேண்டா. ஈகை என்பது வறியோர்க்கு ஒன்றைக் கொடுத்தல். ஒப்புரவு என்பது ஊரோடு ஒத்து வாழ்ந்து, ஊரார் அனைவருக்கும் பயன்படும் நிலையில் தன்னை வைத்துக்கொள்ளுதல். இதனை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உவமைகள் ஊருணியும், ஊர்நடுவே பழுத்த பயன்மரமும், மருந்தாகும் மரமும் ஆகும். ஊருணியில் நீர் முகப்பவள் நாணித் தலைகுனிந்து முகப்பதில்லை. தனக்குரிய நீரைத் தானே முகந்து செல்கின்றாள்.

எனவே, மாதர் தொண்டு செய்யும் எந்தச் சங்கத்தையும் ஆராயும்போது முதலில் வினவத்தக்க வினா இது: பயன் பெற்றவள் கையேந்தி நின்றாளா, அன்றித் தன் கையால் முகந்துகொண்டாளா? மணிமேகலை அமுதசுரபியால் பசிப்பிணி தீர்த்தாள், அஃது ஈகை. பின்னர்ச் சோழ மன்னனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றினாள்; அஃது ஊரின் அமைப்பையே திருத்திய செயல். முன்னது அன்றாடம் வேண்டுவது. பின்னதோ நெடுங்காலம் நின்று பயன் தருவது. இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு நாகர்கோவில் வரலாற்றை நோக்குவோம்.

2. அக்கால நாஞ்சில் நாடு

நாஞ்சில் என்பது கலப்பைக்குப் பெயர். தோவாளையும் அகஸ்தீசுவரமும் சேர்ந்த இந்நெல்வள நாடு பழையாற்று நீரால் செழித்தது. அந்நாளில் இஃது திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்றுதான் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழ்நாட்டுடன் இணைந்தது. நாட்டின் பெயரிலே கலப்பை இருப்பினும், அக்கலப்பையைப் பிடித்தோருட் பலர் உரிமையற்றோராய் இருந்தனர். நிலத்தோடு சேர்த்து அடிமைகளை விற்கவும் ஒற்றிவைக்கவும் அன்றைய வழக்கம் இடங்கொடுத்தது. அவ்வடிமைகளின் மக்களும் அடிமைகளாகவே பிறந்தனர். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்து விளம்பரம் வெளிவந்தது 1855ஆம் ஆண்டிலேயே.

பெண்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. ஒடுக்கப்பட்ட வகுப்பு மாதர் மார்பை மூடி ஆடையணிதல் தடுக்கப்பட்டிருந்தது. கர்னல் மன்றோ ரெசிடெண்டாக இருந்த காலத்தில் கிறிஸ்தவ மாதர் குப்பாயம் அணிய இசைவு கிடைத்தது. ஆயினும் அதனைப் பொருட்டுக் கலகங்கள் எழுந்தன. 1829ஆம் ஆண்டு விளம்பரம் குப்பாயத்தை ஒப்புக்கொண்டு, மேல்முண்டு அணிவதை விலக்கிற்று. 1858ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் பெருங்கலகம் மூண்டது. 1859ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாளன்று வெளிவந்த விளம்பரமே நாடார் மாதர் மேனியை மூடிக்கொள்ளும் உரிமையை ஏற்றது. அதுவும், உயர்ந்தோர் எனப்பட்டோர் அணியும் முறையில் அணியலாகாது என்னும் வரையறையோடு.

இந்நிலையை மனத்திற் கொண்டாலன்றி, ஒரு பள்ளியில் சில சிறுமியர் ஊசியும் நூலும் பிடிக்கக் கற்றனர் என்னும் செய்தியின் கனம் விளங்காது. வேறு நாடுகளில் தையல் என்பது வீட்டுப் பெண்ணுக்கு அழகு தரும் கலை. இங்கோ, ஒரு பெண் தன் இரவிக்கையைத் தானே தைத்து அணிவது சட்டத்தோடும் வழக்கத்தோடும் மோதும் செயலாக இருந்தது.

3. மால்ட் அம்மையாரின் பள்ளி

இலண்டன் மிஷன் சங்கத்தின் ஊழியராகிய ரிங்கல்தௌபே 1806ஆம் ஆண்டில் தென் திருவிதாங்கூருக்கு வந்து மயிலாடியில் பணி தொடங்கினார். அவருக்குப் பின் வந்த சார்லஸ் மீட் நாகர்கோவிலைத் தம் பணியிடமாக்கி, ஆண்மக்களுக்கு ஒரு செமினரியை நிறுவினார். அதுவே வளர்ந்து 1893இல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாயிற்று. 1819ஆம் ஆண்டில் சார்லஸ் மால்ட் தம் மனைவியார் மார்தாவுடன் நாகர்கோவிலை அடைந்தார். ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் அவ்விருவரும் இங்கே உழைத்தனர்.

அரசாங்கத்திலும் கல்வி பற்றிய கருத்து அப்பொழுதுதான் விழித்திருந்தது. 1817ஆம் ஆண்டில் இராணி கௌரி பார்வதி பாய், மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்கவேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். எனினும் பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்னும் வினாவே ஊரெங்கும் எழுந்தது. வயலில் களை பறிக்கவும், தம்பி தங்கையரைப் பேணவும் வேண்டிய சிறுமியைப் பள்ளிக்கு விடுவது ஏழைக் குடும்பத்திற்கு நட்டமாகத் தோன்றிற்று. இவ்வெண்ணத்தில் பிடிவாதமும் இருந்தது, வயிற்றுக் கவலையும் இருந்தது. பிடிவாதத்தைப் பேச்சால் மாற்றலாம். வயிற்றுக் கவலையைப் பேச்சால் மாற்றல் இயலாது. ஆகவே உண்டியும் உறையுளும் தரும் விடுதிப் பள்ளி வேண்டியதாயிற்று. எழுத்தும் கணக்கும் கற்பிப்பதோடு, பள்ளியை விட்டு நீங்கிய பின்னரும் கைவிட்டுப்போகாத ஒரு தொழிலும் வேண்டியதாயிற்று. 1821ஆம் ஆண்டில் மால்ட் அம்மையார் ரேந்தைத் தொழிலைத் தொடங்கியமைக்கு இதுவே காரணம்.

4. ரேந்தையின் இயல்பு

லேஸ் என்று இன்று நாம் வழங்கும் பொருளுக்கு ரேந்தை என்பது போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழிற் புகுந்த பெயர். நெய்த துணியின் மேல் ஊசியாற் செய்யும் வேலை வேறு. துணியே இன்றி நூலை மட்டும் பின்னி வலைபோல் உருவாக்கும் இவ்வேலை வேறு. இதற்கு வேண்டும் கருவிகள் மிகச் சில. வைக்கோல் முதலியவற்றை இறுக அடைத்த திண்டு ஒன்று, அதன்மேல் வைக்கத் துளையிட்ட மாதிரித் தாள் ஒன்று, குண்டூசிகள், நுனியில் நூல் சுற்றிய சிறு கட்டைகள் பல. வலக்கட்டையை இடக்கட்டையின்மேல் போடுதல் முறுக்கு. இரு இணைகளின் நடுக்கட்டைகளை மாற்றிப் போடுதல் குறுக்கு. இவ்விரண்டு அசைவுகளே இத்தொழிலின் அரிச்சுவடி. இவற்றையே எண்ணி எண்ணி மாற்றியமைப்பதால் இலையும் பூவும் கொடியும் தோன்றுகின்றன. ஒரு கண் தவறின் முழுவரிசையும் கெடும். ஆதலின் இது கைக்குப் பயிற்சி மட்டுமன்று; எண்ணுக்கும் நினைவுக்கும் பொறுமைக்கும் பயிற்சி. கணக்கறியாத சிறுமி திண்டின் முன்னமர்ந்தே கணக்கறிந்தாள்.

தமிழர்க்கு நூலும் நூலும் அயலானவை அல்ல. பஞ்சிலிருந்து திரிப்பதும் நூல்; புலவன் இயற்றுவதும் நூல். நன்னூலார் தம் பாயிரத்தில் புலவனை நூற்கும் பெண்ணாகவும், சொல்லைப் பஞ்சாகவும், அறிவைக் கதிராகவும் உருவகம் செய்துள்ளார். பருத்தி நூற்றுத் தம் உயிரைப் பேணிய துணையற்ற மகளிரைச் சங்கச் செய்யுட்களும் காட்டும். தையல் என்னும் சொல்லுக்கோ பெண் என்பதும் பொருள். தைக்கும் தொழில் என்பதும் பொருள். ஆக, அயல்நாட்டு ரேந்தை இந்நாட்டில் வேரூன்றியதற்கு அம்மையாரின் ஆர்வம் ஒரு காரணமாயின், நூலோடு பழகிய நம் பெண்களின் கைத்திறம் மற்றொரு காரணம் எனலாம்.

இங்கே உலக நிகழ்ச்சியொன்றையும் கருதல் வேண்டும். இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் என்பார் 1809ஆம் ஆண்டில் ரேந்தை வலையைப் பின்னும் இயந்திரத்திற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். 1816இல் பிழைப்பிழந்தோர் அவருடைய ஆலையிற் புகுந்து இயந்திரங்களை உடைத்தனர். கைரேந்தைத் தொழில் அங்கே தளர்ந்துவந்த காலத்தில், அதே தொழில் நாகர்கோவிலில் முளைவிட்டது. 1840இல் விக்டோரியா அரசியார் தம் திருமண ஆடைக்கு இயந்திர ரேந்தையைக் கொள்ளாது, டெவன் நாட்டு மாதர் கையாற் பின்னிய ஹானிட்டன் ரேந்தையையே கொண்டமை, நலிந்த அத்தொழிலாளர்க்குப் பெருந்துணையாயிற்று. நற்பணிக்கு நன்கொடை தருவதினும், அதன் பொருளைத் தக்க விலைக்கு வாங்குதல் சிறந்த உதவியாதல் கூடும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

5. கூலியும் விடுதலையும்

நாகர்கோவில் ரேந்தையை இந்நாட்டிலிருந்த ஐரோப்பியரும், கடல் கடந்த நாட்டாரும் விரும்பி வாங்கினர். விற்பனையால் வந்த பொருள் பள்ளியின் செலவுக்கு உதவிற்று. பின்னிய பெண்களுக்கும் கூலி கிடைத்தது. இவ்வரலாற்றின் உயிர்நிலை இனி வருவது. அப்பள்ளியிற் சேர்ந்த சிறுமியருள் அடிமைகளும் இருந்தனர் என்றும், தாம் பின்னிய ரேந்தையின் ஊதியத்தைக்கொண்டே அவர்களுட் சிலர் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர் என்றும் மிஷன் வரலாறுகள் கூறுகின்றன.

இதன் பொருளைச் சிறிது நின்று சிந்தித்தல் தகும். அடிமைப் பெண்ணொருத்தியை இரக்கமுள்ள ஒருவர் பணங்கொடுத்து மீட்டிருக்கலாம். அதுவும் அறமே. ஆனால் மீண்டவள் மீட்டவருக்கு என்றென்றும் கடன்பட்டவளாயிருப்பாள். தன் பத்து விரல்களால் பின்னித் தன் விலையைத் தானே செலுத்தியவளோ எவர்க்கும் கடன்பட்டவள் அல்லள். விற்பனைப் பொருளாகப் பிறந்தவள், விற்பனைப் பொருளைச் செய்பவளாகி, அதனால் தன்னை வாங்கித் தனக்கே உரியவளாக்கிக்கொண்டாள். 1855ஆம் ஆண்டு அரசின் விளம்பரம் வருமுன்னே, தனக்குரிய விளம்பரத்தைத் தன் திண்டின்மேல் அவள் பின்னி முடித்தாள். முன்னர் நாம் கூறிய ஒப்புரவின் இலக்கணம் இங்கே முற்றும் பொருந்துதல் காண்க. அம்மையார் ஊருணியை வெட்டினார். நீரை முகந்தவள் அச்சிறுமியே.

6. கிளைத்த கிளைகள்

நற்பணி ஒன்று தன்னளவில் நில்லாது கிளைக்கும். மால்ட் தம்பதியரின் மகளாகிய எலைசா 1822ஆம் ஆண்டில் பிறந்து, தமிழ் வழங்கும் இச்சூழலிலே வளர்ந்தவர். 1844இல் அவர் இராபர்ட் கால்டுவெல் ஐயரை மணந்து திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குச் சென்றார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல் பெயரை அறியாத தமிழ் மாணவர் இலர். அவர் ஒப்பிலக்கணம் இயற்றிய அதே ஊரில், அவர் மனைவியார் பெண்களுக்குப் பள்ளி நடத்தி ரேந்தைத் தொழிலும் கற்பித்தார் என்பதை அறிந்தோர் எத்துணையர்? நூலியற்றியவரை நாடறியும், நூல் பின்னக் கற்பித்தவரைச் சிலரே அறிவர், பின்னியவர்களை அறிவார் எவருமிலர்.

கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்த பணியும் இம்மாவட்டத்திற் சிறப்புற்றது. பெல்ஜிய நாட்டிலிருந்து மரிய லூயிஸ் தெ மீஸ்டர் அம்மையார் 1897ஆம் ஆண்டில் முளகுமூட்டுக்கு வந்து, பெற்றோரை இழந்த சிறுமியரைப் பேணும் பொறுப்பை மேற்கொண்டார். அவர் அங்கே வித்திட்ட துறவியர் குழு பின்னர்ப் பல நாடுகளிற் பரவிற்று. ஒரு சிற்றூரில் தொடங்கும் பணி எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு முளகுமூடு சான்று.

7. குறைகளும் ஆராயத்தக்கன

புகழ்ந்துரை வேறு, ஆராய்ச்சி வேறு. ஆராய்ச்சியாளன் குறைகளையும் எடுத்துரைத்தல் கடன். ரேந்தை வேலை கண்ணையும் முதுகையும் வருத்துவது. வாங்குவோர் தொலைநாட்டினர் ஆதலின், அவர்தம் உடைப் பாங்கு மாறியபொழுதெல்லாம் இங்குள்ள ஏழையின் அடுப்பு அணையும் நிலை இருந்தது. இயந்திர ரேந்தை மலிந்தபொழுது கைவேலையின் கூலி உயர வழியின்றிப் போயிற்று.

ஆந்திர நாட்டு நரசாப்பூரிலும் மிஷன் ஊழியர் வழியாகவே ரேந்தைத் தொழில் பரவிற்று. அங்குள்ள மாதரின் நிலையை மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அப்பெண்கள் நாள்தோறும் பல மணிநேரம் பின்னியும், உலகம் அவர்களைத் தொழிலாளர் என எண்ணாமல் ஓய்வுநேரத்தைக் கழிக்கும் இல்லத்தரசியர் என்றே எண்ணிற்று. அதனால் கூலி மிகக் குறைந்தது. ஊதியமோ ஏற்றுமதி செய்த வணிகர்க்கு ஏறிற்று. ஒரே தொழில் ஓரிடத்தில் அடிமைக்கு விடுதலை தந்தது. மற்றோரிடத்தில் பிறர் செல்வம் பெருக ஏழையைத் தேய்த்தது. இவ்வேறுபாடு நூலில் இல்லை; கணக்கில் இருக்கின்றது. பின்னியவளுக்கு எவ்வளவு, விற்றவனுக்கு எவ்வளவு என்னும் வினாவிற்கு நேர்மையான விடை உள்ள இடத்திலேயே தொண்டு தொண்டாகின்றது. விடையில்லாத இடத்தில் அது தொண்டின் ஆடை அணிந்த வாணிகமேயாம்.

இன்னொரு குறை வரலாற்றைப் பற்றியது. மால்ட் அம்மையாரின் பெயர் ஏடுகளில் நிலைத்தது. தன் விடுதலையைப் பின்னி வாங்கிய பெண்ணின் பெயர் என்ன? அவள் ஊர் எது? விடுதலை பெற்ற மறுநாள் அவள் எங்கே சென்றாள்? இவற்றைக் கூறும் குரல் நம் செவிக்கு எட்டவில்லை. கற்பித்தவரைப் போற்றுவதோடு நின்று, கற்றுப் பயின்று உழைத்தவளை மறப்போமாயின் செய்ந்நன்றியறிதலில் பாதியையே செய்தவராவோம்.

8. போற்றும் நெறி

மேற்கூறியவற்றால், மாதர் தொண்டைப் போற்றுதற்குரிய நெறிகள் மூன்று எனத் துணியலாம்.

முதலாவது, அறிந்து போற்றுதல். சங்கத்தின் தலைவியார்க்கு மாலை சூட்டுமுன், அச்சங்கத்தில் யார் என்ன வேலை செய்கின்றனர், எத்தனை மணிநேரம் செய்கின்றனர், என்ன பெறுகின்றனர் என்பவற்றை நேரிற் கண்டறிதல் வேண்டும். அறியாது சூட்டும் மாலை மாலைப்பொழுதிலேயே வாடும்.

இரண்டாவது, பெயர் பொறித்துப் போற்றுதல். ரேந்தைத் தொழிலிற் பயின்ற குடும்பங்களின் வழிவந்தோர் இம்மாவட்டத்தில் இன்றும் உளர். பாட்டியர் கூறக்கேட்ட செய்திகளும், பழைய மாதிரித் தாள்களும், கணக்கேடுகளும் எவ்வீட்டுப் பெட்டியிலேனும் கிடைக்குமாயின் அவற்றை எழுதியும் படியெடுத்தும் காத்தல் மாணவர்க்குரிய அரும்பணி. இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு குறிப்பேடும், முதியோரிடம் பணிவாக அமர்ந்து கேட்கும் பொறுமையும் போதும்.

மூன்றாவது, தொடர்ந்து செய்து போற்றுதல். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989ஆம் ஆண்டில் தர்மபுரி மாவட்டத்தில் அரசின் திட்டமாகத் தொடங்கி எங்கும் பரவின. பெண்கள் சிறுகச் சேமித்துத் தமக்குள் கடன் கொடுத்து வாங்கும் அம்முறையிலும் கையேந்துவோர் இலர், முகந்துகொள்வோரே உளர். அத்தகைய குழுவொன்றிற்குக் கணக்கெழுதக் கற்பிக்கும் மாணவி, மால்ட் அம்மையார்க்குச் சிலை எழுப்புவோரினும் மேலான வழிபாடு செய்தவளாவாள்.

முடிவுரை

2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி எழுத்தறிவில் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டில் முதலிடம் பெற்றது. நூற்றுக்குத் தொண்ணூற்றொருவர்க்கு மேல் எழுத்தறிந்தோர். இப்பெருமை ஒரு நாளில் வந்ததன்று. அரசின் ஆணைகளும், பல சமயத்தார் நடத்திய பள்ளிகளும், உரிமைக்காக அடிபட்ட மாதரின் உறுதியும் சேர்ந்து நெய்த ஆடை அது. அதன் பழைய இழைகளுள் ஒன்று, நாகர்கோவில் விடுதிப் பள்ளியில் திண்டின் முன் அமர்ந்து, உதடு அசைய எண்ணிக்கொண்டு, முறுக்கும் குறுக்குமாகக் கட்டைகளை மாற்றிய பெயரறியாச் சிறுமியின் கையால் வந்தது.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலும் ஒரு மாதர் சங்கம் இருக்கும். அதன் விழாவிற்குச் செல்லுங்கள். ஆனால் விழா நாளன்று மட்டும் செல்லாதீர்கள். வேலைநாளில் சென்று, அங்கே உழைப்பவர் பெயரைக் கேட்டு, கூலியைக் கேட்டு, குறையையும் கேட்டு வாருங்கள். கேட்டதை எழுதிவையுங்கள். இயன்றதைச் செய்யுங்கள். நன்றியறிதல் என்பது அதுவே.